மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

முதலில் ஒரு விடுகதை. பெரியவனை முதலில் கூப்பிட்டாலும் சின்னவன்தான் முதலில் வந்து உட்காருவான். கடைசிப் பிள்ளையை முன்னால் கூப்பிட்டாலும் அது கடைசியில்தான் வரும். கூப்பிட்டவரோ, தான் கூப்பிட்ட வரிசையிலேயே எல்லாரும் உட்கார்ந்திருப்பதாக நம்பிக்கொண்டு போய்விடுவார். அவர்கள் யார்? உடனே சொல்ல வேண்டாம். மிருதுளாவும் உடனே சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் தோசைத் தட்டோடு இந்த விடுகதையையும் அவள் முன்னால் வைத்துவிட்டு, அவளுடைய அம்மா கோகிலவாணி சாப்பாட்டு மேசையின் மறு கோடியில் மடிக்கணினியை மறுபடி திறந்தாள். "பல்லு," என்றாள் மிருதுளா, வாயில் தோசையோடு. "கடவாப்பல்ல மொதல்ல கூப்பிட்டாலும் முன்பல்லுதான வரும்." "பல்ல யாருடி கூப்பிடுவாங்க?" "டாக்டர் கூப்பிடுவாரு." "அவரு கூப்பிட்டா வெளிய வரும், உள்ள வந்து உக்காராது. வேற சொல்லு." மிருதுளா தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். அவள் யோசிக்கிறபோது ஒரு இடத்தில் இருக்க மாட்டாள், நடந்துகொண்டே யோசிப்பாள், அந்தக் காலடிச் சத்தம் கோகிலவாணிக்கு இந்த வாரம் முழுக்கக் காதிலேயே இருந்தது, ஏனென்றால் இந்த வாரம் முழுக்க மிருதுளா ஆறு மாடியும் படியேறித்தான் வீட்டுக்கு வந்தாள்.

கோகிலவாணியிடம் என்ன வேலை என்று யாராவது கேட்டால், லிஃப்டுக்கு மூளை செய்கிற கம்பெனி என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள், அதற்கு மேல் போனால் கேட்டவர் கண் ஜன்னலைத் தேட ஆரம்பித்துவிடும். லிஃப்டின் உச்சியில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு பலகை, பலகையில் ஒரு சில்லு, சில்லுக்குள் ஒரு குட்டி இயங்குதளம். அந்த இயங்குதளத்துக்கு மேலே இருப்பதையெல்லாம் ஓரளவு மனிதர் படிக்கிற மொழியில் எழுதிவிடலாம், ஆனால் அடியிலும் அடியில், மின்சாரம் வந்ததும் கண் விழிக்கிற இடமும் மின்சாரம் போகிறபோது கண் மூடுகிற இடமும் மட்டும் சில்லின் சொந்தப் பேச்சிலேயே எழுத வேண்டும், அதை எடுத்து எண்களாக மாற்றித் தருவதற்கு அசெம்பிளர் என்று ஒன்று. பழைய அசெம்பிளர் வாய் பேசாது, கொடுத்ததை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இந்த வாரம் அதன் புதிய பதிப்பு வந்தது, வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறது. தப்பு என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, தப்பு என்றால் அது வேலையை நிறுத்திவிடும், நமக்கும் வேறு வழி இருக்காது. இது சொல்வதெல்லாம் எச்சரிக்கை. வேலையையும் முடித்துக் கொடுத்துவிட்டு, போகிறபோது வாசற்படியில் திரும்பி நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிற மாதிரி. திங்கட்கிழமை வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள், ஒரு எச்சரிக்கைகூட இருக்கக் கூடாது என்று மேலாளர் சபாபதி சொல்லியிருந்தார். "ஏனுங்க, அதென்னமோ ஒரு சொல் போட்டா வாயையே தொறக்காதாமா? போட்டுட்டுப் போங்க," என்றும் சொல்லியிருந்தார். அப்படி ஒரு சொல் உண்டு. கட்டளையின் கடைசியில் அதைச் சேர்த்தால் அசெம்பிளர் ஊமையாகிவிடும். கோகிலவாணி அதைச் சேர்க்கவில்லை. நல்ல எண்ணம் என்று சொல்ல முடியாது, என்னதான் சொல்கிறது பார்ப்போமே என்கிற ஆசைதான்.

முதல் எச்சரிக்கை சாது. உன் அடுக்குக்குள், அதாவது எண்களைத் தற்காலிகமாக அடுக்கி வைக்கிற இடத்துக்குள், கட்டளைகளை ஓட விடலாமா கூடாதா என்று நீ எங்கேயும் சொல்லவில்லையே என்றது. கூடாது என்று ஒரு வரி எழுதினாள், அடங்கிவிட்டது. அடுத்தது, இந்தக் கட்டளையைப் பழைய பாணியில் எழுதியிருக்கிறாய், இப்போது யாரும் இப்படி எழுதுவதில்லை என்றது, கல்யாண வீட்டில் புடவைக் கட்டைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. அதையும் மாற்றினாள். இன்னொன்று, இந்த எண் இந்த இடத்துக்குப் பெரிது, ஓரத்தைக் கத்தரித்துப் போட்டிருக்கிறேன் என்றது. எந்த ஓரம் என்று போய்ப் பார்த்தாள், கத்தரித்த இடத்தில் வெறும் பூஜ்யங்கள்தான் இருந்தன, பாதகமில்லை. பூஜ்யம். அந்தச் சொல் வந்ததும் விரல் விசைப்பலகையில் நின்றது. ஜீரோ போட்டிருந்துச்சும்மா. மிருதுளா இதைச் சொன்னது போன வாரம், பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கித் தனியாக லிஃப்டில் ஏறிய அன்று. மூன்றாவது மாடி தாண்டி நான்காவது வருவதற்குள் மின்சாரம் போயிற்று. இருட்டு. அப்புறம் ஜெனரேட்டர் ஓடியது, விளக்கு வந்தது, லிஃப்ட் நகரவில்லை, ஆனால் கதவு மட்டும் தானாக ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து அப்படியே நின்றது. திறந்த இடத்தில் வெளி இல்லை, சுவர். பூசாத செங்கல் சுவர், அதில் சிமெண்டில் பதிந்த ஒரு கை. கொத்தனார் யாரோ ஈரக் கையை ஊன்றியிருக்க வேண்டும். "அந்தக் கைக்கு நாலு வெரல்தாம்மா இருந்துச்சு," என்றாள். "பெருவெரல் பதிஞ்சிருக்காது கண்ணு." "இருக்கலாம். ஆனா மேல ஜீரோ போட்டிருந்துச்சு. நான் கீழ இல்ல, நடுவுல இருந்தேன், அது கீழ இருக்கறதா சொல்லுச்சு." காவலாளி, ஆறு எரிந்ததைப் பாப்பா பூஜ்யம் என்று பார்த்திருக்கும் என்றார். கட்டடச் செயலாளரின் மனைவி, பயத்தில் என்னென்னவோ தோன்றும் என்றார். கோகிலவாணியும் கேட்டாள்தான், நல்லாப் பாத்தியாடி என்று. மறுநாள் மிருதுளா லிஃப்ட் வாசலில் நின்று, "அதுக்கே எங்க இருக்கோம்னு தெரியல. அதுக்குத் தெரியட்டும், அப்பறம் வரேன்," என்று சொல்லிவிட்டுப் படிக்குப் போய்விட்டாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை, முதுகில் பை ஆட ஆடப் போனாள். ஏன் தெரியவில்லை என்று நான் கண்டுபிடிக்கிறேன் என்று கோகிலவாணி அந்த முதுகைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டாளே ஒழிய, அந்த லிஃப்டின் மூளையும் தன் கம்பெனியில் செய்ததுதான் என்றாலும், எங்கே தேடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கம்பெனியில் கேட்டால் லிஃப்ட் சில சமயம் மாடியை மறந்துவிடும், அணைத்துப் போட்டால் ஞாபகம் வந்துவிடும் என்றார்கள். அன்றைக்கு அணைத்துப் போட்டதும் கம்பெனி மெக்கானிக் லாரன்ஸ்தான். "புத்தி கலங்கிருச்சுங்க மேடம், ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா செரியாயிரும்," என்றான். சரியாயிற்று. ஆனால் சரியானது ஏன் என்று தெரியாதவரை, கலங்கியதும் ஏன் என்று தெரியாது. அந்தக் கை இப்போதும் அங்கேதான் இருக்கும், கதவுக்கு அந்தப் பக்கம் இருட்டில், லிஃப்ட் போகிறபோதும் வருகிறபோதும் நாலு விரலையும் விரித்துக்கொண்டு.

அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அடக்கினாள், அடக்கிவிட்டுச் சின்ன வெங்காயத்தைக் கிண்ணத்தோடு மேசைக்கு எடுத்து வந்தாள், உரித்துக்கொண்டே படிக்கலாம், கண் எரிந்தால் திரையைக் குற்றம் சொல்லலாம். "விரல்," என்று கூடத்திலிருந்து சத்தம் வந்தது. "சின்ன விரல், மோதிர விரல், அப்படியே வரிசையா." "விரலு வந்து உக்காராது, அங்கயேதான் இருக்கும்." "க்ளூ குடு." "அவங்க ரொம்பச் சின்ன ஆளுங்க. என் வேலையில இருக்காங்க." "அப்ப எனக்கு எப்படித் தெரியும்? போங்காட்டம்!" போங்காட்டம்தான். கடைசியாக மிச்சமிருந்த எச்சரிக்கையைப் பார்த்துத்தான் காலையில் அவளுக்கு அந்த விடுகதையே தோன்றியது. ரெஜிஸ்டர்கள் ஏறுவரிசையில் இல்லை. அவ்வளவுதான் சொன்னது, எந்தக் கோப்பு, எந்த வரி என்பதோடு. சில்லுக்குள் ரெஜிஸ்டர்கள் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் குட்டிக் குட்டி அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் உண்டு. மின்சாரம் போகிறபோது, பலகைக்கு உயிர் மிச்சமிருக்கிற கண் சிமிட்டும் நேரத்துக்குள், முக்கியமான அறைகளில் இருப்பதை மட்டும் அள்ளி, மறக்காத நினைவகத்தில் வைத்துவிட வேண்டும். அதற்கு ஒரே ஒரு கட்டளை, அடைப்புக்குறிக்குள் அறைகளின் பெயர்கள். எழுதியவர் ஐந்தாம் அறையை முதலிலும் நான்காம் அறையை இரண்டாவதாகவும் எழுதியிருக்கிறார். நீ எந்த வரிசையில் எழுதினாலும் எனக்கு ஒன்றுதான் என்கிறது சில்லு. அதற்கு வரிசை கேட்காது, சின்ன இலக்கம்தான் முதலில் உட்காரும், பெரிய இலக்கம் அடுத்தது. அது சில்லின் பிறவிக் குணம். ஆக, இது அழகுப் பிரச்சினைதான், சட்டைப் பொத்தானை மேலிருந்து போட்டாலும் கீழிருந்து போட்டாலும் சட்டை சட்டைதான். அவள் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினாள், நான்கு, ஐந்து. மறுபடி ஓட்டினாள். அசெம்பிளர் ஒன்றும் சொல்லவில்லை. சுத்தம். சபாபதிக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு வெங்காயத்தைத் தாளிக்கப் போகலாம்.

போகவில்லை. ஒரு வெங்காயத்தின் தோல் நகத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி ஏதோ ஒன்று மாட்டியது. மாற்றுவதற்கு முன் அசெம்பிளர் தந்த எண்களையும் மாற்றிய பின் தந்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு புள்ளி வித்தியாசமில்லை. அதே எண்கள். அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் பார்த்தபோது விநோதமாக இருந்தது. ஒன்றுமே மாறவில்லை, ஆனால் பேச்சு நின்றுவிட்டது. ஒன்றுமே மாறாது என்றால் அது எதற்காகப் பேசியது? வரிசை முக்கியமில்லை என்று அதற்கே தெரியும், எழுதுகிற ஆளுக்கும் தெரிந்திருந்தால் எப்படி எழுதினால் என்ன என்று விட்டிருக்கலாமே, தெரிந்தவனிடம் யாராவது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்களா. சொல்வது தெரியாதவனிடம்தான். நீ எழுதியதைப் பார்த்தால் உனக்குத் தெரியாது போலிருக்கிறதே என்பதுதான் அந்த வாக்கியத்தின் பாதி, வெளியே சொல்லாத பாதி. அப்படியென்றால் எழுதியவருக்குத் தெரியாது. அவர் யார் என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது, அவள் சேருவதற்கு முன்பே வேலையை விட்டு வேறு நாட்டுக்குப் போனவர், கோப்பில் எஸ்.வி. என்று இரண்டு எழுத்து மட்டும் இருக்கிறது. ஐந்து, நான்கு என்று எதற்கு எழுதினார்? கை போன போக்கில் யாரும் தலைகீழாக எழுத மாட்டார்கள். ஒன்று இரண்டு மூன்று என்றுதான் கை போகும். தலைகீழாக எழுதுகிறவன் யோசித்துத்தான் எழுதுகிறான், எதையோ முதலில் உட்கார வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதுகிறான். ஐந்தாம் அறைக்குள் அப்படி என்ன இருக்கிறது? கண்ணீர் வழிந்தது, வெங்காயத்தால்தான். முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா! லிஃப்ட்!" மிருதுளா ஓடி வந்து மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னடி லிஃப்டு?" "விடுகதைக்கு. லிஃப்டுக்குள்ள மொதல்ல ஆறு அழுத்தறோம், அப்பறம் நாலு, அப்பறம் ரெண்டு. ஆனா அது ரெண்டுலதான மொதல்ல நிக்கும்? அப்பறம் நாலு. அப்பறம்தான் ஆறு. மொதல்ல ஏறுன அந்த மூக்குக்கண்ணாடி மாமா, நான்தான மொதல்ல அழுத்துனேன்னு மொனகுவாரே." கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. அவள் நினைத்த விடை அது இல்லை, ஆனால் அவள் நினைத்த விடையை விட அது நன்றாக இருந்தது. "சரிதாண்டி. நான் நெனச்சது வேற. ஆனா இதுவும் சரிதான்." "அப்ப நான் ஜெயிச்சேன்." "ஜெயிச்சே." "அப்ப எனக்கென்ன?" "சாம்பார்." "ச்சே," என்று மிருதுளா திரும்பிப் போனாள். நான்தான மொதல்ல அழுத்துனேன். மூக்குக்கண்ணாடிக்காரர் முனகுவதோடு சரி, இரண்டில் கதவு திறக்கும்போது இறங்கிப் போய்விட மாட்டார், வெளியே எட்டிப் பார்ப்பார், தன் வீடில்லை என்று தெரிந்துகொள்வார். பார்க்காமல் இறங்கினால்? முதலில் அழுத்தியது நான், ஆகவே முதலில் திறக்கிற கதவு என் கதவு என்று ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிப் போனால் யாருடைய வீட்டுக்குள்ளோ போய்ச் செருப்பைக் கழற்றுவான். ஜெபமணியின் கோப்பை. அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. அவள் படித்தபோது நடந்த பள்ளிக்கூட ஆண்டு விழா, பரிசு கொடுக்கிற மேடை. உடற்பயிற்சி ஆசிரியை பட்டியலைப் படித்து, அதே வரிசையில் பரிசுகளை மேசையில் அடுக்கினார், முதலில் நீளத் தாண்டலுக்கு ஜெபமணியின் வெள்ளிக் கோப்பை, அடுத்தது பாட்டுக்குக் கோகிலவாணியின் எவர்சில்வர் சோப்பு டப்பா. அப்புறம் பிள்ளைகளை மேடையேறச் சொன்னார், பிள்ளைகளோ எப்போதும் நிற்கிற பழக்கத்தில் உயர வரிசையில் நின்றார்கள், குட்டையான கோகிலவாணி முன்னால், பனைமரம் மாதிரி ஜெபமணி பின்னால். சிறப்பு விருந்தினர் மேசையில் முதலில் இருந்ததை முதலில் நின்றவளுக்குக் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். இடுப்பு உயரம் இருந்த பெண் நீளத் தாண்டல் கோப்பையோடு இறங்கினாள், பள்ளிக்கூடத்திலேயே நீளமான கால்கள் சோப்பு டப்பாவோடு இறங்கின. ஜெபமணி அதைத் திறந்து உள்ளே பார்த்ததும், "ஏண்டி, நான் என்ன குளிக்கறதில்லைன்னு நெனச்சாங்களா?" என்று கேட்டதும், மறுநாள் மாற்றிக்கொண்டதும். அன்றைக்கு அடுக்கியவர் மேலும் தப்பில்லை, நின்றவர்கள் மேலும் தப்பில்லை, கொடுத்தவர் மேலும் தப்பில்லை, அடுக்கியவர் ஒரு வரிசையை நினைத்தார், நின்றவர்கள் ஒரு வரிசையில் நின்றார்கள், அவ்வளவுதான். கோகிலவாணியின் கையிலிருந்த வெங்காயம் கிண்ணத்தில் விழுந்தது.

எடுத்து வைக்கிற இடத்தை மட்டுமே இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுக்கிற இடம்? மின்சாரம் வந்ததும் கண் விழிக்கிற பகுதி வேறு கோப்பில் இருந்தது, அதில் எந்த எச்சரிக்கையும் இல்லை, ஆகவே அதை அவள் திறக்கவே இல்லை. திறந்தாள். எஸ்.வி. அங்கே ஒவ்வொன்றாக எடுத்திருந்தார். முதலில் இருப்பதை எடு, அது மாடி. இரண்டாவது இருப்பதை எடு, அது கதவு. எடுத்து வைக்கிற கோப்புக்குத் திரும்பி வந்து பார்த்தாள், கையில் வெங்காய வாசனையோடு, விரலைத் திரையில் வைத்தே பார்த்தாள். ஐந்தாம் அறையில் மாடி. நான்காம் அறையில் கதவு, மூடியிருந்தால் பூஜ்யம், திறந்திருந்தால் வேறு ஏதாவது. எஸ்.வி.க்கு மாடியை முதலில் வைக்க ஆசை, மாடிதானே முக்கியம். அதற்காகத்தான் ஐந்து, நான்கு என்று கூப்பிட்டார். அவை நான்கு, ஐந்து என்று உட்கார்ந்துகொண்டன. கதவு முதலில், மாடி இரண்டாவது. மின்சாரம் திரும்பி வரும்போது கதவின் எண்ணை மாடி என்று எடுக்கிறது, மாடியின் எண்ணைக் கதவு என்று எடுக்கிறது. மூன்றாவது மாடியைத் தாண்டி, மூடிய கதவோடு போய்க்கொண்டிருந்த லிஃப்ட். மாடி மூன்று, கதவு பூஜ்யம். விழித்தபோது அது என்ன நினைத்திருக்கும்? மாடி பூஜ்யம், கதவு மூன்று. மூன்று பூஜ்யமில்லை, ஆகவே கதவு திறந்திருக்கிறது. நான் கீழ்த்தளத்தில் இருக்கிறேன், என் கதவு திறந்திருக்கிறது, அதைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ள வேண்டும். பாவம், நல்ல பிள்ளையாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தது, கதவின் பாதுகாப்புக் கொக்கி தடுத்த இடம் வரைக்கும் ஒரு சாண் இழுத்தது. மேலே ஜீரோ போட்டது. ஜீரோ போட்டிருந்துச்சும்மா. போட்டிருந்தது கண்ணு. ஆறு இல்லை, பயம் இல்லை, பூஜ்யம்தான், நீ நல்லாப் பார்த்தாய். அவளுக்கு உடனே கூடத்துக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது, ஓடவில்லை, இத்தனை நாள் ஓடிய லிஃப்ட் எத்தனை கட்டடத்தில், அத்தனையிலும் இது எப்படித் தெரியாமல் இருந்தது என்ற கேள்வி காலைப் பிடித்துக்கொண்டது. சோதித்தார்களே. அவளே சோதித்தாளே. கம்பெனிப் பட்டறையில் சோதனைக்கென்றே ஒரு லிஃப்ட் இருக்கிறது, மின்சாரம் போனால் என்ன ஆகிறது என்று பார்க்க பியூஸைப் பிடுங்குவார்கள். எப்போதும் கீழ்த்தளத்தில் நிறுத்தி, கதவை மூடி, அப்புறம்தான் பிடுங்குவார்கள், அது பட்டறையின் பழக்கம், புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவதே அதுதான். மாடி பூஜ்யம். கதவு பூஜ்யம். பூஜ்யத்தையும் பூஜ்யத்தையும் இடம் மாற்றிப் போட்டால் யாருக்குத் தெரியும்? இரண்டு சோப்பு டப்பா இருந்திருந்தால் ஜெபமணியும்தான் ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள். வெளியூர்க் கட்டடங்களில் எங்கோ எப்போதோ நடந்தபோதெல்லாம் லாரன்ஸைப் போல ஒருவன் அணைத்துப் போட்டிருப்பான், லிஃப்ட் கீழே போய் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கும், கதவுக்கு முன்னால் நின்ற யாரோ ஒரு சுவரைப் பார்த்திருப்பார், சொல்லியிருப்பார், நல்லாப் பார்த்தீங்களா என்று கேட்டிருப்பார்கள்.

சபாபதியைக் கூப்பிட்டாள். எடுத்ததும், "வார்னிங்கு போயிருச்சுங்களா?" என்றார். "போயிருச்சு சார். தப்புதான் போகல." "அதெப்படிங்க, அது போனா இதும் போகணுமில்ல?" "அது ஆளக் கூப்பிட்டுச் சொல்லிட்டிருந்துச்சு சார். நான் அதோட வாயத்தான் அடச்சிருக்கேன்." பொறுமையாகச் சொன்னாள், மாடி, கதவு, கூப்பிட்ட வரிசை, உட்கார்ந்த வரிசை, மிருதுளா பார்த்த பூஜ்யம், கோப்பையையும் சோப்பு டப்பாவையும்கூடச் சொன்னாள். "பியூஸப் புடுங்கிப் பாத்தமேங்க," என்றார், குரல் இறங்கி. "கீழ நிறுத்தித்தான சார் பாத்தோம்." "அது... நான் மாட்டுனதுக்கு அப்பறம் வந்த பழக்கமுங்க." அவளுக்கும் அந்தக் கதை தெரியும், பட்டறையில் எல்லாருக்கும் தெரியும், ஆதியில் நடுவழியில் நிறுத்தித்தான் சோதித்தார்கள், ஒரு மத்தியானம் சபாபதி சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே இருந்தபோது யாரோ பியூஸைப் பிடுங்கிவிட்டார்கள், மறுபடி போட்டபின்னும் லிஃப்ட் அசையவில்லை, அவர் தூக்கைத் திறந்து உள்ளேயே சாப்பிட்டு முடித்தார் என்று. அன்றைக்கே அது அசையாமல் நின்றது இதனால்தானோ என்று அவளுக்குத் தோன்றியது, அவருக்கும் அதே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். "அட," என்றார். "அன்னிக்கு மேல என்ன போட்டிருந்துச்சுன்னு நான் பாக்கலீங்க. ரசஞ்சோறு சிந்தாம பாத்துட்டிருந்தேன்." அப்புறம், "திங்கக்கெழம பலகை ஒண்ணும் வெளிய போகாது. வாரவங்ககிட்ட நானே பேசிக்கறேன். போட்டிருக்கற எடத்துக்கெல்லாம் ஆள் அனுப்பணும். மொதல்ல உங்க வீட்டு லிஃப்டுலயே மாத்திப் பாருங்க, லாரன்ஸ வரச் சொல்றேன்," என்றார். வைக்கிறதற்கு முன், "உங்க அம்மிணி பூஜ்யம்னுதான சொல்லுச்சு?" என்று கேட்டார். "ஆமா சார்." "செரிங்க," என்றார்.

திருத்தம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, திருப்பிக் கொடுக்கிற இடத்தில் இரண்டு வரிகள் இடம் மாறின. அதை எழுதுவதற்கு ஆன நேரத்தை விட, அதன் மேலே, எப்படிக் கூப்பிட்டாலும் சின்ன இலக்கமே முதலில் உட்காரும், கதவு முதலில், மாடி பிறகு என்று அடுத்து வருகிறவருக்காக ஒரு குறிப்பு எழுத ஆன நேரம் அதிகம். சாம்பார் கொதிக்கிற நேரத்துக்குள் லாரன்ஸ் மொட்டை மாடிக்கு ஏறிச் சில்லில் புதியதை ஏற்றிவிட்டுக் கீழே வந்திருந்தான். மூவரும் கீழ்த்தளத்தில் லிஃப்ட் வாசலில் நின்றார்கள். செயலாளரின் மனைவி காய்கறிப் பையோடு வந்து பார்த்து, "நம்ம லிஃப்டுக்கு இன்னைக்கு லீவுங்களா?" என்று கேட்டுவிட்டு மூச்சிரைக்கப் படியேறிப் போனார். கோகிலவாணி மகளிடம் குனிந்து, "மிருது, நீ பாத்தது ஜீரோதான். அது கதவையும் மாடியையும் மாத்தி எடுத்துக்கிச்சு. நான் கேட்டது தப்பு," என்றாள். மிருதுளா, "நான்தான் சொன்னேனே," என்றாள், அதில் கோபம்கூட இல்லை. "இப்ப அதுக்குத் தெரியுமா?" "தெரியும்னு நெனக்கறேன். நான் மொதல்ல போய்ப் பாக்கறேன்." "எங்க நிறுத்துவீங்க?" "கீழ நிறுத்திப் பாத்துரலாங்க மேடம், அதான் வழக்கம்," என்றான் லாரன்ஸ். "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல," என்றாள் மிருதுளா. லாரன்ஸ் கோகிலவாணியைப் பார்த்தான். கோகிலவாணி தலையாட்டினாள். "மாட்டிக்கிட்டா ரசஞ்சோறு குடுத்தனுப்பட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே லாரன்ஸ் மின்பெட்டிப் பக்கம் போனான்.

உள்ளே போய் ஆறை அழுத்தினாள். கதவு மூடியது. ஒன்று. இரண்டு. மிருதுளா அன்றைக்கு எந்தப் பக்கம் நின்றிருப்பாள், பை முதுகில் இருந்ததா கையில் இருந்ததா என்று கேட்கவே இல்லையே, பெரியவர்கள் கேட்டதெல்லாம் நல்லாப் பார்த்தியா என்பது மட்டும்தான். மூன்று எரிந்தது, மறைய ஆரம்பித்தது, மின்சாரம் போயிற்று. இருட்டு இவ்வளவு முழுசாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் ஆட்டினாள், கை இல்லை. எங்கோ ஒரு கம்பி ஊசலாடி நின்றது. நான் எங்கே இருக்கிறேன், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், எனக்குத் தெரிகிறது, இதற்குத் தெரியுமா, இரண்டு வரி சரியா, கோப்பு சரியா, லாரன்ஸ் ஏற்றியது புதியதா பழையதா. அந்தக் கேள்விகளோடு கூடவே வேறொன்றும் வந்தது, அவள் எதிர்பார்க்காதது, கதவு திறந்தால் அந்தக் கையைப் பார்க்கலாமே என்று ஒரு ஆசை. இருட்டில் அது இருக்கும் இடம் தெரிந்தது, இதோ, கதவுக்கு அப்பால் ஒரு முழத்தில், நாலு விரல். யாருடையது? சிமெண்டு காய்வதற்குள் எதைப் பிடிக்க ஊன்றினார்? விளக்கு வந்தது. மேலே மூன்று என்று இருந்தது. கதவை உற்றுப் பார்த்தாள். கதவு அசையவில்லை. லிஃப்ட் ஒரு முறை கனைத்த மாதிரி அதிர்ந்து, மெதுவாக ஏறி நான்கில் நின்று, அங்கே ஒழுங்காகக் கதவைத் திறந்தது, வெளியே யாரோ ஒருவருடைய வாசலில் அழிந்த கோலமும் பால் பையும் இருந்தன. பூஜ்யத்தை அழுத்திக் கீழே வந்தாள்.

"என்ன போட்டுச்சு?" என்றாள் மிருதுளா. "மூணு." "கதவு?" "தொறக்கல." "அப்ப அந்தக் கை?" "பாக்க முடியல." மிருதுளா கதவுக்கு மேலே எரிகிற பூஜ்யத்தைப் பார்த்தாள். "இனிமே யாருமே பாக்க முடியாது, இல்ல?" "முடியாது." "நான் மட்டும்தான் பாத்திருக்கேன்." "நீ மட்டும்தான்." லாரன்ஸ் ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, "என்ன கண்ணு, லிஃப்டா, படியா?" என்றான்.

மிருதுளா லிஃப்டுக்குள் தனியாகப் போய் ஆறை அழுத்தினாள். அம்மாவைப் படியில் வரச் சொன்னாள்.